குளிர் ஊருக்கு எந்த எண்ணெய்

மண்ணெண்ணெயில் சைக்கிள் செயினை ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் ஒரு வாசம் கிளம்பும். வெறும் மண்ணெண்ணெய் வாசம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. சாலைத் தூசி, செம்பனை லாரிகள் சிந்திவிட்டுப் போன கொட்டைகளின் புளித்த எண்ணெய், போன வார மழை, அதற்கு முந்தின வார வெயில், எல்லாம் இரும்பின் இடுக்குகளிலிருந்து கழன்று ஒரே மூச்சாக மேலே வரும். இன்று காலை போர்ச்சில் குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த வாசம் வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணிகளிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தபடி, இதற்கு நான் கடைசியாக விட்டது உலர் எண்ணெயா ஈர எண்ணெயா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. வந்தது அக்காவின் ஞாபகம்.

அக்கா என்று கூப்பிட்டாலும் கூடப் பிறந்தவர் இல்லை. சுங்கை பட்டாணியில் எங்கள் தாமான் குடியிருப்பின் பின்வரிசையில் குடியிருந்தவர். தனியார் மருத்துவமனை ஒன்றில் தாதி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பாடாங் மேஹா பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலை சொல்லி வளர்ந்தவர். எங்கள் வீட்டில் முருகன் காலண்டர். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது சைக்கிள்தான். கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை, பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கும் லீவு. அவரும் எப்படியாவது ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். விடியலில் விளக்கேற்றிவிட்டு நான் கேட்டைத் திறக்கும்போது தெருவில் மணி அடிப்பார். பிறகு வயல், பிறகு செம்பனைத் தோட்டம், பிறகு ஆறு. என்ன பேசினோம் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. பேசிக்கொண்டே இருந்தோம், அவ்வளவுதான்.

எங்களுக்குள் ஒரு பாகப்பிரிவினை உண்டு. ஃப்ளாஸ்க்கில் டீ அவருடையது. இரண்டு வண்டிக்கும் செயின் துடைப்பது, எண்ணெய் விடுவது என்னுடையது. அவர் தன் செயினைத் தொடவே மாட்டார். ஏன் என்று வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். பயிற்சித் தாதியாக இருந்த காலத்தில் எஸ்டேட்டிலிருந்து பஸ் ஏறும் சாலைவரை சைக்கிளில் போவாராம். ஒரு விடியலில் நல்ல மழை. செயின் கழன்று பல்சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் போய் இறுகிக்கொண்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே, இருட்டில், ஒரு ஈ காக்கா இல்லாத இடத்தில், விரலை விட்டு நோண்டி நோண்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் எங்கேயோ போயிருந்தது. தலைமைத் தாதி ஒன்றும் திட்டவில்லையாம். அந்தக் கறுப்புக் கையோடு வார்டு வாசலில் நிற்கச் சொன்னாராம், பார்வையாளர்கள் வரும் நேரம்வரைக்கும். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். இதைச் சொல்லும்போது அக்கா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

போன வருடம் அவருடைய அம்மா இறந்தார். கடைசிவரை பார்த்துக்கொண்டவர் இவர்தான். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. அதைப் பற்றி அவர் வருத்தப்பட்டு நான் கேட்டதும் இல்லை. அம்மா போன பிறகு வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் வேகமாக மிதித்தார். அப்படி ஒரு நாள் வயலோரம் நிறுத்தி டீ ஊற்றும்போது விஷயத்தைச் சொன்னார். முன்பு அவரோடு வேலை பார்த்த ஒரு தாதி வடக்கே ஒரு குளிர் நாட்டில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே ஆள் கேட்கிறார்கள். அக்கா எழுதிப் போட்டிருக்கிறார், கணினியில் பேட்டியும் முடிந்துவிட்டது, எடுத்துக்கொள்கிறோம் என்று பதிலும் வந்துவிட்டது. இரண்டு வருட ஒப்பந்தம். மாதக் கடைசிக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

எதுக்குக்கா இந்த வயசுல என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதே வார்டு, அதே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அதே கார் நிறுத்துமிடம். ஒரு தடவையாவது வேறு ஊரில் கண் விழித்துப் பார்க்க வேண்டும் என்றார். டீ சூடாக இருந்தது. குடித்தேன்.

சிக்கல் அங்கே போய்ச் சேர்வதில் இல்லை, அங்கே தினமும் வேலைக்குப் போவதில் இருந்தது. தங்கப் போகும் வீட்டுக்கும் முதியோர் இல்லத்துக்கும் நடுவில் ஒரு மேடு. காலை ஷிப்டு தொடங்கும் நேரத்துக்கு முதல் பஸ் வராது. அக்காவுக்குக் கார் என்றால் பயம். லைசன்ஸ் எடுத்த நாளோடு சரி. ஆக, தன் மடக்கு சைக்கிளைக் கையோடு கொண்டுபோக வேண்டியதுதான். முதல் மூன்று மாதம் தகுதி பார்ப்பார்களாம். அடிக்கடி தாமதமாக வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்தத் தோழியே எச்சரித்திருந்தார். அவர் போய்ச் சேரும் நேரம் குளிர் உச்சத்தில் இருக்கும்.

"அந்தக் குளிர்ல செயின் உறைஞ்சு போச்சுன்னா நான் என்னா செய்வேன்? நடு ரோட்ல, இருட்டுல, யாரக் கூப்புடறது? நீதான் செயின் டாக்டராச்சே. எந்த எண்ணெய் விட்டா உறையாதுன்னு கண்டுபுடிச்சு சொல்லு. சொன்னீன்னா போறேன். இல்ல, வரலன்னு எழுதிப் போட்டுடறேன், கதை முடிஞ்சது லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்கள் சிரிக்கவில்லை. ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார், அது எப்போதோ இறுகிவிட்ட பிறகும்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் குழப்பம். அவர் என் கையில் கொடுத்தது எண்ணெய் பற்றிய ஒரு கேள்வியா, அவரையேவா? சரியான எண்ணெயைக் கண்டுபிடித்தால் அவர் போய்விடுவார். கண்டுபிடிக்காவிட்டால் வெள்ளிக்கிழமை இருக்கும், தெருவில் மணிச் சத்தம் இருக்கும், ஃப்ளாஸ்க் இருக்கும், அந்த ஜன்னலும் கார் நிறுத்துமிடமும்கூட இருக்கும். நான் தேட வேண்டுமா, தேடுகிற மாதிரி இருக்க வேண்டுமா? காற்று முகத்தில் அடித்தது. வெதுவெதுப்பான காற்று. இந்தக் காற்றில் வளர்ந்த எனக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்?

மறுநாள் நகரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடைக்குப் போனேன். கடை முதலாளி தவுக்கே ஒரு டயரை உருட்டிக்கொண்டிருந்தார். குளிருக்கு எந்த எண்ணெய் என்று கேட்டதும், "சினி மானா அடா செஜூக், காக்?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். இங்கே ஏது குளிர்! நான் விடவில்லை. ஒரு தோழி குளிர் நாட்டுக்குப் போகிறார் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து இரண்டு சின்னப் புட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்று உலர் எண்ணெய். விட்ட பிறகு காய்ந்து மெல்லிய படலமாக நிற்கும், வெயிலுக்கும் தூசிக்கும் நல்லது. மற்றது ஈர எண்ணெய். பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், மழையில் கழுவிக்கொண்டு போகாது. குளிர்? தவுக்கே தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஏர்கோனை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். அவருக்குத் தெரிந்த குளிர் அது. எனக்குத் தெரிந்ததும் அதேதான். இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

கைப்பேசியில் தேடினால் குழப்பம் இன்னும் பெருகியது. பனியில் தாடி வெளுக்க நின்ற ஒருவர், செயினை மெழுகில் காய்ச்சி எடுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள் என்றார். அடுத்த காணொளியில் இன்னொரு தாடி, குளிரில் மெழுகா, உதிர்ந்து போய்விடும் என்றது. ஒரு பெண் ஈர எண்ணெய் என்றார், அதே பெண் போன வருடம் உலர் எண்ணெய் என்றிருந்தார். எல்லோரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள். எல்லோர் செயினும் மினுமினுத்தது. நான் அத்தனையையும் அக்காவுக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்கு அனுப்பியது ஒரே வரி: இவங்க யாருக்கும் வேலைக்குப் போற அவசரம் இல்ல போல.

சரி, நாமே சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை என் சமையலறையில் கூடினோம். சின்னக் கிண்ணங்கள். ஒன்றில் உலர் எண்ணெய், ஒன்றில் ஈர எண்ணெய், ஒன்றில் தையல் மிஷின் எண்ணெய். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் விளக்குக்கு விடும் நல்லெண்ணெயையும் கொஞ்சம் ஊற்றினேன். அக்கா தேங்காய் எண்ணெயை விட்டார். கோலாலம்பூரில் இருக்கும் தன் தங்கச்சியைக் கேட்டால் மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய் ஒரு புட்டி தருவாள், அது எந்தக் குளிரிலும் உறையாது என்பாள், ஆனால் செயினுக்கு என்றால் அடிக்க வருவாள் என்றார். எல்லாவற்றையும் ஃப்ரீசரில் வைத்து மூடினோம். என் வீட்டுக்காரர் ஐஸ் எடுக்க வந்து திறந்து பார்த்துவிட்டு, இதில் எது நாளைக்குக் குழம்பு என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் வெளியே எடுத்தோம். தேங்காய் எண்ணெய் மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளையாக நின்றது. பிறந்ததிலிருந்து தண்ணீராகவே பார்த்த பொருள். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழவில்லை. அக்கா அதை விரலால் தொட்டார். பிறகு அதே விரலைத் தன் கொண்டையில் வைத்தார்.

"என் தலையில இருக்கறதும் இப்படித்தான் நிக்குமா?"

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவரும் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டார். நல்லெண்ணெய் கூழாகியிருந்தது. ஈர எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி, கிண்ணத்தைச் சாய்த்தால் நகரலாமா வேண்டாமா என்று யோசித்தது. தையல் மிஷின் எண்ணெயும் உலர் எண்ணெயும் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல ஓடின. ஆக, உலர் எண்ணெய். விடை கிடைத்துவிட்டது. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ சரிந்தது. அக்கா கிண்ணங்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். குழாயடியில் நின்றபடி, ஃப்ரீசருக்குள்ளே மழை பெய்யாதே, அங்கே பெய்யுமே என்றார். அப்படியானால் இன்னும் முடியவில்லை. நெஞ்சுக்குள் சரிந்தது எழுந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குச் சந்தோஷம் என்று பெயர் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஈரமும் குளிரும் சேர்ந்து இருக்கும் இடம் கெடாவில் எங்கே இருக்கிறது? ஜெராய் மலை உச்சி என்று நான் சொன்னேன். மடக்கு சைக்கிளை ஜெராயில் ஏற்றச் சொல்கிறாயா, என்னை இங்கேயே கொன்றுவிடு என்றார். அப்புறம்தான் தஞ்சோங் டாவாய் கடற்கரையில் ஐஸ் நிரப்பி வைத்திருக்கும் மீன் பெட்டி நினைவுக்கு வந்தது. பழைய செயின் ஒன்றைத் துண்டு துண்டாகக் கழற்றினேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வோர் எண்ணெய். எது எது என்று தெரிய, சிவப்பு, பச்சை, மஞ்சள் நூல் கட்டினேன். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மெர்போக் வழியாக மிதித்தோம். ஆறு கடலில் சேரும் இடத்தில் படகுகள் வந்துகொண்டிருந்தன. நெத்திலி காயும் வாசம் சாலைவரை வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனது. வழக்கமாக நாங்கள் மீன் வாங்கும் மலாய் அம்மாள் மாக்சிக்கிடம் ஓட்டைப் பையில் போட்ட செயின் துண்டுகளை நீட்டி, ஐஸுக்குள் கொஞ்ச நேரம் வைக்க முடியுமா என்று கேட்டோம். இதை வைத்து எந்த மீனைப் பிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார் அந்த அம்மாள். அக்கா முகத்தை இம்மியும் மாற்றாமல், குளிர் நாட்டு மீன் என்றார் மலாயில். கெம்போங் மீன்களுக்கு நடுவே எங்கள் செயின் படுத்துக்கொண்டது.

டீ குடித்து, கடலைப் பார்த்து, இன்னொரு டீயும் குடித்துவிட்டு வந்து எடுத்தோம். எல்லாத் துண்டுகளும் விரல் விறைக்கிற குளிரில் இருந்தன. எல்லாமே மடங்கின. ஈர எண்ணெய் கொஞ்சம் சோம்பல் பட்டது, அவ்வளவுதான். அக்கா ஒவ்வொன்றையும் துணியால் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார், நோயாளியின் முழங்காலை மடக்கிப் பார்ப்பது போல. ஒன்றும் விளங்கவில்லையே என்று சொல்லிவிட்டுப் பையைச் சுருட்டி என் கூடையில் போட்டார். வீட்டுக்கு வந்ததும் நான் அதை போர்ச்சு மூலையில் வைத்து மறந்துபோனேன்.

நாற்றம்தான் சில நாள் கழித்து ஞாபகப்படுத்தியது. பிரித்துப் பார்த்தால் தையல் எண்ணெய் விட்ட துண்டு முழுக்கச் சிவப்பு. துருப்பிடித்து, குச்சி மாதிரி நின்றது. உலர் எண்ணெய்த் துண்டில் அம்மை போட்ட மாதிரி அங்கங்கே சிவப்பு. பிசுபிசுவென்று நாறிக்கொண்டிருந்த ஈர எண்ணெய்த் துண்டு மட்டும் கறுப்பாக, அசிங்கமாக, கண்ணிக்குக் கண்ணி லேசாக மடங்கியது. மீன் தண்ணீரில் உப்பு இருக்கும், அதுதான் காரணம், சாலையில் ஏது உப்பு, இதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அக்காவும் ஒத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பிறந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? குளிர் என்றால் எங்களுக்கு ஒரு பெட்டி. கதவைத் திறந்தால் இருக்கும், மூடினால் போய்விடும்.

அன்று மாலை அக்கா அந்தக் குளிர் நாட்டுத் தோழியைக் கைப்பேசியில் அழைத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு முகம் தெரிந்தது. அவர் சைக்கிள் ஓட்டுவதில்லை. எண்ணெய் பற்றி ஒன்றும் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வேறு என்னவெல்லாமோ பேசினார்கள். யார் ஓய்வு பெற்றார்கள், யாருக்குப் பேத்தி பிறந்தது. பேச்சுவாக்கில், தன் சப்பாத்து ஓரமெல்லாம் வெள்ளை பூத்துப்போகிறது என்று குறைப்பட்டார். ஏன் என்று அக்கா கேட்டார். சாலையில் பனி இறுகாமல் இருக்க லாரியில் உப்பைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே போவார்களாம். குளிர்காலம் முழுக்க.

அக்கா கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரோட்டுக்கு உப்பு போடறாங்களாம் புள்ள. கருவாட்டுக்குப் போடற மாதிரி."

மடிக்குள்ளிருந்து, ஹலோ ஹலோ, இருக்கீங்களா லா என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. மறுபடி எடுத்து, மூன்று பேருமாகச் சிரித்தோம். சைக்கிள் வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் குறுக்கே கேட்டேன். எந்த எண்ணெய் என்று தெரியாது, ஆனால் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரப் பெரியவர் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்ததும் தினமும் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருப்பார், அதைப் பார்த்திருக்கிறேன் என்றார் அவர்.

இப்போது ஃப்ரீசர் ஒன்று சொன்னது, மீன் பெட்டி இன்னொன்று சொன்னது. உலர் எண்ணெய் விட்டால் குளிரில் ஓடும், உப்பில் துருவேறும். ஈர எண்ணெய் விட்டால் உப்பைத் தாங்கும், ஆனால் அந்த மேட்டில், அந்த விடியலில், வெல்லப்பாகாகி இழுக்குமோ? மேலும் அது சாலையில் இருக்கும் மண்ணையெல்லாம் தன்மேல் பூசிக்கொள்ளும். நான் இரண்டு புட்டிகளையும் ஜன்னல் ஓரத்தில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தேன். மாதம் முடியப் போகிறது. ஒரு நாள் ஈர எண்ணெய் என்று நிச்சயமாகத் தோன்றும். பல் துலக்கி முடிப்பதற்குள் உலர் எண்ணெய் என்று மாறிவிடும். இதில் எவ்வளவு செயினைப் பற்றியது, எவ்வளவு என்னைப் பற்றியது என்றும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவர் போக வேண்டும் என்று நினைத்தேன். போகக் கூடாது என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே மனசு, ஒரே நேரத்தில், ஒரே குரலில் சொன்னது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா வந்தார். காலை ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார், வெள்ளைச் சீருடை. நான் போர்ச்சில் அவருடைய மடக்கு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகத் தள்ளி நின்று டீ ஊற்றுகிறவர், அன்று பக்கத்தில் வந்து நின்றார்.

"தள்ளு. துணியக் குடு."

கறுப்பாகும்க்கா, சீருடை போட்டிருக்கீங்க என்றேன். காதில் வாங்கவில்லை. பாவாடையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். துணியை எப்படி மடிப்பது, செயினை எப்படிப் பிடித்துக்கொண்டு மிதிகட்டையைப் பின்னால் சுற்றுவது என்று காட்டினேன். ஒரு தடவைதான் காட்டினேன். அதற்குப் பிறகு அது என் முறையாக இல்லை, அவருடைய முறையாக ஆகிவிட்டது. படுத்த படுக்கையாக இருப்பவரின் விரலிடுக்குகளைத் துடைப்பார்களே, அந்த மாதிரி ஒவ்வொரு கண்ணியாக, அவசரமில்லாமல், வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்துத் துடைத்தார். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்கக் கையைத் தூக்கியவர் நிறுத்திக்கொண்டார். இரண்டு கையும் மணிக்கட்டுவரை கறுப்பு.

அந்தக் கைகளை முன்னால் நீட்டி வெகுநேரம் பார்த்தார். தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரில் போகும்போது, என்ன தாதியம்மா, மெக்கானிக் ஆயிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா அந்தக் கையாலேயே அவருக்கு டாட்டா காட்டினார்.

"என் பையில ஃபோன் இருக்கு, எடு. அவங்களுக்கு எழுது. நான் சொல்றத அடி."

எடுத்தேன். அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், சொன்ன தேதிக்கு வந்து சேர்கிறேன், நன்றி. சின்ன வாக்கியங்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ மாதிரி கேட்டது.

"இன்னும் எந்த எண்ணெய்னு முடிவு பண்ணலையேக்கா."

"அது கெடக்குது. அனுப்பு."

ஃபோனை எடுக்கக் கழுவிய என் கை சுத்தமாக இருந்தது, அதனால் நான்தான் அழுத்தினேன். ஊய்ங் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அக்கா மறுபடி செயினைத் துடைக்க ஆரம்பித்தார். நான் டீ போட உள்ளே போனேன். சர்க்கரை டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்காகத் திறந்தேன் என்று தெரியாமல் நின்றேன்.

புறப்பட்ட நாள் மழை இல்லை, வெயிலும் சரியாக இல்லை. சுங்கை பட்டாணி ஸ்டேஷனுக்கு நானும் அவரும் மட்டும்தான் போனோம். தங்கச்சி கோலாலம்பூரில் இறக்கி விமானத்துக்குக் கூட்டிப்போவாள் என்று ஏற்பாடு. இரண்டு பெட்டி, ஒரு தோள் பை, மடக்கிப் பைக்குள் கட்டிய சைக்கிள். எண்ணெய்ப் புட்டியை விமானத்தில் ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னார், கூடாது என்று ஒருவர் சொன்னார். அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம், அங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்று அக்கா விட்டுவிட்டார். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சம்பந்தமே இல்லாமல் பேசினோம். கோத்தா கோலா மூடாவில் ஒரு கடையில் சாப்பிட்ட மீன் குழம்பு ஏன் அவ்வளவு புளித்தது என்று தீவிரமாக விவாதித்தோம். புளி அதிகம் என்றேன் நான். பழைய குழம்பு என்றார் அவர். முடிவுக்கு வருவதற்குள் ரயில் வந்துவிட்டது.

சைக்கிள் பையைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன். பெட்டிகள் வைக்கும் தட்டில் அதைத் திணிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. உள்ளே ஏர்கோன் பலமாக இருந்தது. அக்கா இருக்கையைக் கண்டுபிடித்து, உட்காராமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைசியா சொல்லு. போய் எறங்குனதும் கடைக்குத்தான் போவேன். எத வாங்கட்டும்?"

ஒரு பதில் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பார், நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்தேன். தவுக்கே, தாடிக்காரர்கள், ஃப்ரீசர், மீன் பெட்டி, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் போயிராத ஒரு மேடு, நான் பார்க்காத ஒரு விடியல். அதன் நடுவில் இவர்.

"தெரியலக்கா."

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"இத்தன வருஷம் எனக்கு எண்ணெய் விட்டவ. தெரியலன்னு இன்னிக்குத்தான் சொல்ற."

"எனக்கு இந்த ஊர் ரோடு மட்டுந்தான்க்கா தெரியும்."

"அந்த ரோடு எனக்கும் தெரியாது. ஓட்டிப் பாத்துட்டு நான் சொல்றேன் உனக்கு." என் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டார். "எறங்கு புள்ள, கதவ மூடப் போறான்."